விளையாட்டுக் கம்ப்யூட்டரும் விலைவாசியும்

சொற்பப் பணத்தில் விளையாட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள விரும்பும் வாலிபர்களின் நிலைமை 2025-ம் வருஷக் கடைசியில் மிகவும் சங்கடமாயிற்று. இது வெறும் பொழுதுபோக்குச் சமாசாரம், தலையங்கத்துக்கு உரியதல்ல என்று நேயர்களில் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். பகலில் பாடம் படிப்பதும், புரோகிராம் எழுதிப் பழகுவதும், இரவில் விளையாடுவதும் அந்த ஒரே பெட்டியில்தான் என்பதை அவர்கள் மறக்கலாகாது.

உலகத்து ராம் சில்லுகளில் மிகப் பெரும் பகுதியை உற்பத்தி செய்பவை மூன்றே கம்பெனிகள்: தென் கொரியாவின் ஸாம்ஸங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். செயற்கை அறிவு யந்திரங்களை நடத்தும் பிரம்மாண்டமான டேட்டா ஸென்டர்கள் விசேஷ மெமரியை எந்த விலைக்கும் கேட்கவே, ஆலைகள் அப்பக்கம் திரும்பின. சாதாரண டி.டி.ஆர். 5 ராமின் விலை சில மாதங்களுக்குள் இரட்டிப்புக்கு மேல் ஏறிற்று. மைக்ரானோ, 'க்ரூஷியல்' என்னும் தன் சில்லறை வியாபாரத்தையே மூடிவிடப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பெரிய புள்ளி வந்ததும் சிறு வாடிக்கைக்காரனைத் திண்ணையில் நிறுத்தும் இந்த நியாயம் புதிதன்று. 2021-ல் கிரிப்டோ நாணயம் தோண்டுவோர் கிராபிக்ஸ் கார்டுகளை வாரிக்கொண்டு போனதையும், 2022 செப்டம்பரில் எதீரியம் தன் முறையை மாற்றிய பிறகே அந்த வேட்டை ஓய்ந்ததையும் நாம் கண்டோம்.

இந்நிலையில் செய்யத்தக்கது என்ன? விளையாட்டுக்கென்றே வாங்குபவன் முதலில் கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் ஒதுக்கி, மிகுந்ததில் மற்றவற்றைப் பார்க்கவேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். அதிலும் ஒரு சூது உண்டு. 2025-ல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. என்ற கார்டும், ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. என்ற கார்டும் 8 ஜி.பி., 16 ஜி.பி. என இரு வகையாக ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. வெளியிட்டபோது அமெரிக்காவில் இரண்டுக்கும் இருந்த வித்தியாசம் 50 டாலர். புதிய விளையாட்டுகள் சில 8 ஜி.பி.யில் திணறுகின்றன. வெவ்வேறு சரக்குக்கு ஒரே பெயர் சூட்டுவதை வியாபார சாமர்த்தியம் என்பார்கள்; நாம் அதற்கு வேறு பெயர் சொல்லுவோம்.

பிராசஸரில் ஆறு கோர் போதும். வீட்டில் பழைய டி.டி.ஆர். 4 ராம் கிடக்குமாயின், ஏ.எம். 4 மதர்போர்டும் 2022-ல் வந்த ரைஸன் 5 5600-ம் வாங்குவதே இப்போது புத்திசாலித்தனம். ராமும் புதிதாகத்தான் வாங்கவேண்டும் என்றால், டி.டி.ஆர். 5 மட்டுமே ஏற்கும் ஏ.எம். 5-ஐ யோசிக்கலாம்; பின்னாளில் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள வழியிருக்கும். 16 ஜி.பி.யை ஒரே துண்டாக வாங்காமல் எட்டெட்டாக இரண்டு வாங்கினால் வேகம் கூடும்.

கேபினட்டுடன் இனாமாகத் தரப்படும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் கையால் தொடவேண்டாம். அது கெடும்போது தான் மட்டும் கெடுவதில்லை. மதர்போர்டையும் கார்டையும் உடன் கொண்டுபோகக்கூடும். ரிச்சி தெருவிலாகட்டும், டில்லி நேரு பிளேஸிலாகட்டும், பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்று காதில் ஓதுவோர் உண்டு. ஆறு மாதத்தில் கார்டு கண்ணை மூடினால் வாரண்டிக்கு எந்தக் காகிதத்தை நீட்டுவது?

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. குஜராத்தின் ஸானந்தில் மைக்ரான் அமைப்பதாக 2023-ல் அறிவித்த ஆலை, வெளிநாட்டில் செய்த சில்லைப் பொதிந்து பரிசோதிப்பதற்கானது. ஆகவே விலையை நிர்ணயிக்கும் சக்தி நம் கையில் இல்லை. ஆனால் இந்தச் சாமான்கள்மீதுள்ள 18 சதவிகித ஜி.எஸ்.டி. நம் கையில் இருப்பதுதானே? ராமின் விலை ஏற ஏற, அதே சதவிகிதத்தில் கஜானாவுக்கு அதிகப் பணம் சேருகிறது. விலை இறங்கும் வரையிலாவது ராமுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் வரியைக் குறைப்பதைப் பற்றி ஜி.எஸ்.டி. கவுன்ஸில் ஆலோசிக்க வேண்டும்.