கரண்ட் போனாலும் மறக்காத படிகம்!

ராத்திரி ரெண்டு மணி. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல நாற்பதாவது பக்கம் டைப் பண்ணிட்டிருக்கீங்க. 'சேவ்' பண்ணலை. பொசுக்குனு கரண்ட் கட். அத்தனையும் காலி! கம்ப்யூட்டரோட 'ராம்' மெமரி அப்படித்தான் ஃப்ரெண்ட்ஸ். கரண்ட் இருக்கிற வரைக்கும்தான் ஞாபகம்.

இதுக்கு 1952-லேயே ஒரு வழி சொன்னவர், உங்களை மாதிரி ஒரு ஸ்டூடன்ட்! அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் படித்த டட்லி பக், தன் முதுநிலை ஆய்வேட்டில் ஃபெரோ எலெக்ட்ரிக் பொருட்களை மெமரியாக்கலாம் என்றார். ('ஃபெரோ'ன்னதும் இரும்பைத் தேடாதீங்க. இரும்பு இருக்கணும்னு அவசியமே இல்லை!) இந்தப் படிகத்துக்குள்ளே குட்டிக் குட்டி ஏரியாக்கள் உண்டு. பேரு, டொமைன். ஒவ்வொண்ணுக்குள்ளேயும் மின்முனைவு ஒரே திசையில் நிற்கும். வோல்டேஜ் கொடுத்தால் எதிர்ப்பக்கம் திரும்பும். வோல்டேஜை எடுத்துட்டாலும் திரும்பினபடியே நிற்கும். ஒரு திசை 0, எதிர்த்திசை 1. மெமரி ரெடி!

ஆனா, வில்லன் வந்தான். பேரு 'ஃபட்டீக்'... அதாங்க, களைப்பு! காரீயம், சிர்கோனியம், டைட்டானியம் கலந்த ஆக்சைடு படலத்தை பிளாட்டினம் எலெக்ட்ரோடுகளுக்கு நடுவில் வைத்து, சில கோடி தடவை திருப்பினால் டொமைன்கள் அடம்பிடித்தன. ஆக்சிஜன் அணு விட்டுப்போன காலியிடங்கள், டொமைன் எல்லைகளை நகர விடாமல் ஆணியடித்த மாதிரி பிடித்துக்கொள்வதுதான் முக்கியக் காரணம் என்கிறார்கள்.

1995-ல் கார்லோஸ் பாஸ் டி அரௌஜோ குழு, 'நேச்சர்' இதழில் மாற்று ஒன்றைச் சொன்னது. ஸ்ட்ரான்ஷியம் பிஸ்மத் டான்டலேட்! சாண்ட்விச் மாதிரி, நடுநடுவே பிஸ்மத் ஆக்சைடு அடுக்குகள். லட்சம் கோடி தடவை திருப்பியும் களைக்கலை! இதில் எல்லைகள் மாட்டினாலும் சுலபமா விடுபட்டுடும். குறையும் உண்டு. மின்முனைவு கம்மி, தயாரிக்க சூடு ஜாஸ்தி. 1999-ல் தென்கொரிய ஆய்வாளர்கள், பிஸ்மத் டைட்டனேட்டில் லாந்தனம் சேர்த்து அந்தச் சூட்டை 650 டிகிரி செல்சியஸுக்கு இறக்கினாங்க.

இப்போ கிளைமாக்ஸ். இந்த அடுக்கு அமைப்பை 1949-லேயே ஸ்வீடனின் பெங்க்ட் ஆரிவிலியஸ் எக்ஸ்ரே மூலம் கண்டுபிடித்து எழுதி வைத்துவிட்டார். அப்போ டட்லி பக்கின் ஆய்வேடே பிறக்கலை! "இதெல்லாம் படிச்சு என்ன சார் யூஸ்?"னு யாராவது அவரைக் கேட்டிருந்தால், பதில் வர 46 வருஷம் ஆகியிருக்கும்.

ஃபெரோ எலெக்ட்ரிக் மெமரி இன்னிக்கு மின்மீட்டர், ஸ்மார்ட் கார்டுனு பல இடத்துல வேலை பார்க்குது. கொள்ளளவு குறைவு என்பதால் உங்க லேப்டாப் 'ராம்' இடத்துக்கு வரலை.

அதனால, ரிப்போர்ட்டை ஒழுங்கா சேவ் பண்ணிடுங்க!