பூங்காவுக்குப் பெயரிடும் உரிமை எவருக்கு?

திருகோணமலையில் ஒரு சிறுவர் பூங்கா திறக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாடா வெட்டப்படும். திரை நீக்கப்படும். திரைக்குப் பின்னால் ஒரு கருங்கல் பலகை இருக்கும். அமைச்சரின் பெயர், ஆளுநரின் பெயர், தவிசாளரின் பெயர், நிதி வழங்கிய திட்டத்தின் பெயர் யாவும் அதிலே பொன்னெழுத்தில் மின்னும். அந்த நிலத்துக்கு அயலவர் தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்த பெயர் மட்டும் இராது. பூங்காவுக்கு இப்பெயரைத் தெரிவு செய்தவர் யாரென்று வினவினால் "மேலிடம்" என்ற ஒற்றைச் சொல்லே விடையாகக் கிடைக்கும்.

என் கட்சி எளிமையானது. ஒரு பொது இடத்துக்குப் பெயரிடும் உரிமை அதை நாளாந்தம் பயன்படுத்துவோருக்கு உரியது. அவ்வுரிமை இந்த நகரில் நானூறு ஆண்டுகளாகப் பறிக்கப்பட்டு வருகிறது. பறித்தவர்கள் மாறினார்கள், பறிப்பு மாறவில்லை.

சரித்திரத்தைச் சற்றுப் புரட்டுவோம். 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்தனர். அதன் கற்களைக் கொண்டே 1624 இல் கோட்டை எழுப்பினர். பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். பிரெஞ்சுக்காரர் சிறிது காலம் வைத்திருந்தனர். 1795 இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1803 இல் அக்கோட்டைக்குப் பிரெட்றிக் கோட்டை என்று பெயர் சூட்டப்பட்டது. பிரெட்றிக் என்பவர் யோர்க் கோமகன், மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் மைந்தர். அன்னார் திருகோணமலையைக் கண்ணால் கண்டவரும் அல்லர். எனினும் இரு நூற்றாண்டுகள் கடந்த பின்பும் கோணேசரைத் தரிசிக்கச் செல்லும் அடியார் அவர் பெயரைத் தாங்கிய வாயிலினூடாகவே நுழைகின்றனர். அதே வாயிலில் பாண்டியரின் இரட்டைக் கயற்சின்னமும் தமிழ்ச் சாசனமும் பொறித்த கற்கள் பதிக்கப்பட்டிருப்பதை எத்தனை பேர் நின்று பார்க்கின்றனர்?

ஆயினும் மக்கள் நாவு ஆட்சியாளர்களுக்கு முற்றாகப் பணிந்துவிடுவதில்லை. ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில் எனப்படுவது தமிழில் உவர்மலை. எது முந்தியது என்று வாதாடுவது வீண். இரண்டும் ஓரிடத்தைச் சுட்டுகின்றன, ஒருவரும் குழம்புவதில்லை. சைனா பே சீனக்குடா ஆயிற்று. கொட் பே கொட்பே என்றே மீனவர் வாயில் நிலைத்துவிட்டது. இவை எதற்கும் திரைநீக்க விழா நடந்ததில்லை. புழக்கம் பெற்றெடுத்த பெயர்கள் இவை; ஆதலால் எவரையும் புண்படுத்துவதில்லை.

சுதந்திரத்தின் பின்னர் என்ன நிகழ்ந்தது? 1950களில் கொழும்பின் விக்டோரியா பூங்கா விகாரமகாதேவி பூங்காவாயிற்று. அந்நிய அரசியின் இடத்தில் துட்டகைமுனுவின் தாயார் அமர்ந்தார். ஆனால் விக்டோரியாவின் வைர விழாவை நினைவுகூர்ந்து 1897 இல் பெயரிடப்பட்ட நுவரெலியாப் பூங்கா இன்றும் விக்டோரியா பூங்காதான். அங்கே உல்லாசப் பயணிகளுக்குப் பழைய ஆங்கில வாசனை வேண்டியிருக்கிறது! ஆக, பெயர் மாற்றத்துக்கு நிலையான கொள்கை எதுவும் இருந்ததில்லை. அவ்வப்போதைய தேவையே கொள்கையாயிற்று.

எங்கள் மாவட்டத்தில் அந்தத் தேவை இன்னும் கூர்மையாக வெளிப்பட்டது. முதலிக்குளம் மொரவெவ ஆயிற்று. குமரேசன்கடவை கோமரங்கடவல ஆயிற்று. இலங்கைத்துறை லங்காபட்டுன ஆயிற்று. வடக்கு எல்லைக்கு அப்பால் மணலாறு வெலிஓயா ஆயிற்று. புதிய பெயர் பலகையில் ஏறியதும் வரைபடத்தில் ஏறுகிறது. வரைபடத்தில் ஏறியதும் வர்த்தமானியில் ஏறுகிறது. பின்னர், பழைய பெயரைச் சொல்பவனே இனவாதி என்று அழைக்கப்படுகிறான்.

பொதுவெளியில் ஒரு தரப்பு இரவோடு இரவாக அடையாளம் நாட்டினால் விளைவு என்னவாகும் என்பதை இந்நகரம் நன்கறியும். 2005 மே மாதத்தில் சந்தைக்கு அருகே புத்தர் சிலை வைக்கப்பட்டபோது நகரம் நாட்கணக்கில் கதவடைத்தது. அதை எதிர்த்து மக்களைத் திரட்டிய வன்னியசிங்கம் விக்னேஸ்வரன் 2006 ஏப்ரல் 7 ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். இருபது ஆண்டுகள் கழிந்து 2025 நவம்பரில் கடற்கரையில் மீண்டும் ஒரு சிலை; வைத்தார்கள், எடுத்தார்கள், மறுநாளே திரும்ப வைத்தார்கள். புத்தரிடம் எவருக்கும் பிணக்கில்லை. கேளாமல் செய்வதிலேயே பிணக்கு.

இவ்விடத்தில் நம்மவர் சிலர் கைதட்டக்கூடும். சற்றுப் பொறுங்கள், நம் பக்கமும் அழகாக இல்லை. இந்திய நிதியில் யாழ்ப்பாணத்தில் எழுந்த கலாசார மண்டபத்துக்கு 2025 ஜனவரி 18 ஆம் திகதி திருவள்ளுவர் கலாசார மையம் என்று பெயர் சூட்டினார்கள். வள்ளுவரை மறுக்கும் தமிழன் உண்டா? ஆனால் யாழ்ப்பாணம் என்ற பெயர் அதில் காணாமற் போயிற்று. ஊரார் வெகுண்டெழுந்த பின்னர் சில நாட்களில் "யாழ்ப்பாணம்" மீண்டும் முன்னால் ஒட்டப்பட்டது. வள்ளுவரைப் போன்ற பெரும் பெயரையும் கேடயமாக ஏந்தி, உள்ளூரவரைக் கேளாமலே காரியம் முடிக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தமிழ்ப் பெயர் என்பதால் அபகரிப்பு நியாயமாகிவிடாது.

"பெயரா சோறு போடும்? ஊஞ்சலின் சங்கிலி அறுந்து கிடக்கிறது, மலசலகூடத்தில் தண்ணீர் இல்லை, அதைப் பாரும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஊஞ்சலைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் ஊஞ்சலைத் திருத்தப் பணமில்லாத அதே மன்றத்துக்குப் பளிங்குப் பலகைக்கு எங்கிருந்தோ பணம் கிடைத்துவிடுவதைக் கவனித்தீர்களா? பெயர் அற்பமானது என்றால் அதிகாரத்திலிருப்போர் அதற்காக இவ்வளவு மல்லுக்கட்டுவானேன்?

இனி, என் மனத்தை அறுக்கும் விடயத்துக்கு வருகிறேன்.

திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலை நிற்கிறது. மாலை வேளையில் குடும்பங்கள் காற்று வாங்கும் இடம். 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை அச்சிலைக்கு அருகே ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்தே இறந்தனர் என்று முதலில் கூறப்பட்டது. உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததை உலகுக்குக் காட்டியவை சுடர் ஒளியின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த புகைப்படங்கள். இருபத்திரண்டு நாட்கள் கழிந்து, ஜனவரி 24 ஆம் திகதி காலையில் அவரும் இந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சான்றில்லை என்று விடுவிக்கப்பட்டனர்.

நீதிமன்றக் கோப்பு மூடப்பட்ட பின்னர் ஒரு நகரத்துக்கு எஞ்சியிருப்பது நினைவு மட்டுமே. அந்த நினைவு தங்குவதற்கு ஒரு பலகை போதும். பிரெட்றிக் கோமகனுக்கு ஒரு கோட்டையையே வழங்கிய நகரம் இது. தன் மண்ணில் மடிந்த ஐந்து பிள்ளைகளுக்கும், அவர்கள் எப்படி மடிந்தனர் என்ற உண்மையைப் படம்பிடித்த ஒரு செய்தியாளனுக்கும் ஒரு சிறு புல்வெளியை ஒதுக்க இயலாதா? அங்கே குழந்தைகள் ஓடி விளையாடட்டும். முதியோர் அமர்ந்து கதைக்கட்டும். துக்கம் காக்கும் தூபியாக அது இருக்கவேண்டியதில்லை. பெயர் மட்டும் இருந்தால் என்றோ ஒரு நாள் ஒரு பிள்ளை, "இவர் யார் அம்மா?" என்று கேட்கும். அக்கேள்விக்கு அஞ்சுவோரே அப்பலகைக்கும் அஞ்சுவர்.

குறைகூறி முடிப்பது எனக்குப் பிடிக்காது. ஆகவே சில விதிகளை முன்வைக்கிறேன்.

பழைய இடப்பெயர் இருக்குமானால் அதுவே பூங்காவின் பெயர். இல்லையெனில் அயலவரின் பகிரங்கக் கூட்டத்தில், தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் அமர்ந்து பெயரை முன்மொழியட்டும். ஆட்சேபிக்க மூன்று மாத அவகாசம் இருக்கட்டும். உயிரோடிருப்பவரின் பெயர் வேண்டாம். மறைந்தவராயின் பத்தாண்டுகள் கழியட்டும். இவ்விதி 1977 இல் முதன்முதலாக இத்தொகுதியை வென்று, 2024 ஜூன் 30 இல் மறைந்த இரா. சம்பந்தனுக்கும் பொருந்தும், கோபிப்போர் கோபிக்கட்டும். திறந்துவைத்தவரின் பெயர் பலகையில் இடம்பெறலாகாது, வரிப்பணம் அவருடையதன்று. மும்மொழியும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். பெயர் மாற்றப்பட்டால் பழைய பெயரும் கீழே எழுதப்படட்டும்.

இவற்றை மன்றத்தின் ஒரு தீர்மானமாக நிறைவேற்றப் பெருநிதி தேவையில்லை. மாகாண ஆட்சியைக் காரணம் காட்டுவோருக்கும் ஒரு சொல். கிழக்கு மாகாணசபையின் ஆயுட்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பின்னர் அதற்குத் தேர்தல் நடத்தப்படாமல், மாகாணம் ஆளுநரின் கையில் விடப்பட்டது. அத்தகைய நிலையில் மக்கள் தெரிந்தெடுத்த உள்ளூர் மன்றமாவது தன் எல்லைக்குள் இருக்கும் ஒரு புல்வெளியின் பெயரை மக்களைக் கேட்டுத் தீர்மானிக்க வேண்டாமா?

அடுத்த பூங்காவின் அழைப்பிதழ் அச்சாவதற்கு முன்னர் மன்ற உறுப்பினர்கள் இதற்கு விடை சொல்லவேண்டும். சொல்லும்வரை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.