அவசரத்துக்குப் பழுத்த மாம்பழம்

ஒரு மார்ச் மாதம். ஏ.சி. போட்ட பெரிய கடை ஒன்றில் மாம்பழத்தைப் பார்த்தேன். தங்கக்கட்டி மாதிரி தகதகவென அடுக்கி, மேலே விளக்கெல்லாம் போட்டிருந்தார்கள். 'சீஸனின் முதல் மாம்பழம்' என்று போர்டு வேறு. ஆசை யாரை விட்டது? விலையைக்கூடப் பார்க்காமல் ரெண்டு கிலோ வாங்கிவந்து, வீட்டில் பெருமையாக மேஜைமேல் வைத்தேன்.

அம்மா ஒரு பழத்தை எடுத்தார். காம்பு இருந்த இடத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். அடுத்து இன்னொன்று. பிறகு இரண்டையும் திரும்ப பைக்குள் போட்டுவிட்டார்.

''இது மாம்பழம் இல்லப்பா... மஞ்சக் கலர்ல மாங்கா!''

அறுத்துப் பார்த்தோம். அம்மா சொன்னதுதான் சரி. தோல் மஞ்சள், உள்ளே கொட்டையை ஒட்டி வெள்ளை. புளிப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. மாங்காயாகவும் உதவாது, பழமாகவும் உதவாது.

உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். நடந்தால் என்ன செய்வோம்? 'கல்லு வெச்சுப் பழுக்க வைக்கிறானுங்க' என்று வியாபாரியைத் திட்டுவோம். 'யாரும் கேட்கிறதில்லை' என்று அதிகாரிகளைத் திட்டுவோம். திட்டி முடித்துவிட்டு அடுத்த வாரம் மறுபடி வாங்குவோம். அதனால் இந்த வாரம் வேறு ஆளைத் திட்டலாம் என்றிருக்கிறேன். உங்களையும் என்னையும்தான்!

கணக்கு ரொம்ப எளிது சார். நம் பக்கத்தில் மாமரம் பூப்பது பெரும்பாலும் தை, மாசியில். பூ காயாகி முற்றுவதற்கு மூன்று, நான்கு மாதம் வேண்டும். அப்படியென்றால் நல்ல பழம் எப்போது வரும்? சித்திரை தொடங்கி ஆனி வரைக்கும். கேரளாவின் முதலமடை போல ஒன்றிரண்டு இடங்களில் முன்னாலேயே காய்க்கும், உண்மைதான். ஆனால் மார்ச்சில் தமிழ்நாட்டுத் தெருவெல்லாம் குவிகிற பழம் முழுக்க அங்கிருந்தா வருகிறது? முற்றாத காயைப் பறித்துக் கல் வைத்தால் நிறம் மாறிவிடும். ருசி எங்கிருந்து வரும்?

கல் என்றால் கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு கிளம்பும். வெல்டிங் பட்டறையில் இரும்பை வெட்டுகிறார்களே, அதே வாயு. அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் மிச்சங்களும் ஒட்டிக்கொண்டு வரலாம். பழுக்கவைக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2011-ம் வருடத்து உணவுப் பாதுகாப்பு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அதற்கு முன்பிருந்த கலப்படத் தடை விதிகளிலும் தடைதான். எத்திலீன் வாயுவை அளவோடு பயன்படுத்த மட்டும் அனுமதி உண்டு. அதற்கும் காய் மரத்தில் முற்றியிருக்க வேண்டும்.

சட்டம் இருந்தும் ஏன் நிற்கவில்லை? நான் பி.காம். படித்தவன். முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள்: வாங்க ஆள் இருந்தால் விற்க ஆள் வருவான். மே மாதப் பழத்துக்கு மார்ச்சில் இரண்டு மடங்கு விலை கொடுக்க நாம் க்யூவில் நிற்கிறோம். அந்தக் காசுதான் கல் வாங்குகிறது.

சரி, மார்ச்சில் ஏமாந்தோம். மே, ஜூனில் நிஜமான பழம் வரும்போதாவது வாங்குகிறோமா? அதுதான் கொடுமை. அதற்குள் நமக்கு மாம்பழம் சலித்துப் போய்விடுகிறது! 'இந்த வருஷம் பழமே நல்லால்லைங்க' என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். தோட்டத்தில் எல்லா மரமும் ஒரே நேரத்தில் பழுக்கும். விலை விழும். 2025 ஜூனில் கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா மாங்காய் கிலோ நான்கைந்து ரூபாய்க்கு இறங்கியது. அது பெரும்பாலும் கூழ் ஆலைகளுக்குப் போகிற ரகம், அந்தக் கதை கொஞ்சம் வேறு. ஆனால் 'விளைச்சல் கூடினால் விவசாயி அழுவான்' என்பது எல்லா ரகத்துக்கும் பொது.

ரிசர்வ் வங்கி 2024-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு கணக்கு இருக்கிறது. மாம்பழத்துக்கு நாம் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயி கைக்குப் போவது 43 காசு. தக்காளிக்கு 33. வாழைப்பழத்துக்கு 31. மீதியெல்லாம் வழியில் கரைகிறது. லாரி வாடகையும் ஏற்றுக்கூலியும் நியாயமான செலவுதான். ஆனால் விளைவித்தவனுக்கு ரூபாயில் பாதிகூட இல்லை என்றால், அந்த பேலன்ஸ் ஷீட்டில் எங்கேயோ இடிக்கிறது.

இதற்கு மருந்து நம் ஊரிலேயே இருக்கிறது. பெயர் உழவர் சந்தை.

1999 நவம்பர் 14-ம் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்தார்கள். பஞ்சாபின் 'அப்னி மண்டி'யும், ஆந்திராவின் 'ரைத்து பஜாரு'ம் இதற்கு முன்னோடிகள். விவசாயிக்கு போட்டோ ஒட்டிய அடையாள அட்டை. கடைக்கு வாடகை இல்லை, கமிஷன் இல்லை. தராசும் கொடுத்துவிடுவார்கள். அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுவார்கள். 2001-ல் ஆட்சி மாறியதும் பல சந்தைகள் கவனிப்பார் இல்லாமல் கிடந்தன. 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் வந்தது. இன்றைக்கு மாநிலம் முழுக்க 170-க்கும் மேல் இருக்கின்றன. உங்கள் வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று உங்களுக்குத் தெரியுமா? பீட்சா கடை எவ்வளவு தூரம் என்று கேட்டால் சொல்லிவிடுவீர்கள்.

ஒரு மே மாதக் காலையில் போய்ப் பாருங்கள். வெயில் ஏறுவதற்குள் போக வேண்டும். கட்டுக்கட்டாக முருங்கைக்காய், பனித்துளி காயாத வெள்ளரிப் பிஞ்சு, சாம்பல் பூத்த சுரைக்காய், காம்பு பச்சையாக இருக்கும் கத்தரிக்காய். நடுவே சாக்கு விரித்து மாம்பழம். கண்ணை மூடிக்கொண்டு நடந்தால்கூட மாம்பழக்காரர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று மூக்கு சொல்லிவிடும். வாசலைத் தாண்டினால் ரோட்டோரம் நுங்கு. அன்றைக்கு வெட்டி அன்றைக்கே தின்ன வேண்டிய பண்டம். கோல்டு ஸ்டோரேஜ், கார்பைடு எதற்கும் பிடிகொடுக்காத ஒரே தன்மானமுள்ள ஜீவன்!

அப்படி ஒரு காலையில் என் முன்னால் நின்ற ஒருத்தர் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோலில் காம்போரம் கறுப்பாக ஒரு கறை. ''என்னம்மா, அழுகல் மாதிரி இருக்கு?''

அந்த அம்மா சிரித்தார். ''அது பால் வடிஞ்ச கறை தம்பி. விடிகாலையில பறிச்சா பால் தெறிக்காம இருக்குமா? வைக்கல்ல நாலு நாள் கெடந்த பழம். மோந்து பாருங்க, பொறவு காசு குடுங்க.''

அவர் மோந்து பார்க்கவில்லை. கறை இல்லாத பழம் தேடிப் போய்விட்டார். நம் வியாதி இதுதான். சாப்பிடுகிற பொருளைக் கண்ணால் வாங்குகிறோம். பளபளப்பு கேட்டோம், மெழுகு பூசினார்கள். மஞ்சள் கேட்டோம், கல் வைத்தார்கள். மார்ச்சில் கேட்டோம், பிஞ்சில் பறித்தார்கள். கேட்டதையெல்லாம் கொடுத்தவனைக் கூண்டில் ஏற்றிவிட்டு, கேட்ட நாம் ஜட்ஜ் ஸீட்டில் உட்கார்ந்திருக்கிறோம்.

'காலையில் யார் சார் எழுந்து போறது?' என்பீர்கள். விவசாயிக்காக ஸ்டேட்டஸ் போட ராத்திரி பன்னிரண்டு மணி வரை விழித்திருக்க முடிகிறது. வாரத்தில் ஒரு நாள் ஆறு மணிக்கு எழ முடியாதா? 'அங்கேயும் வியாபாரிங்க விவசாயி வேஷத்துல உட்கார்ந்திருக்காங்களே?' என்றும் கேட்பீர்கள். சில இடங்களில் அந்தப் புகார் உண்டு, மறுக்கவில்லை. அப்படியென்றால் 'அட்டை எங்கேங்க?' என்று கேளுங்கள். 'எந்த ஊர் தோட்டம், எத்தனை மரம்?' என்று கேளுங்கள். நிஜ விவசாயி பத்து நிமிஷம் பேசுவார். மற்றவர் எடைக்கல்லைத் தேடுவார். கேட்கிற வாடிக்கையாளன் இல்லாத சந்தையில்தான் வேஷம் நிலைக்கும்.

இன்னொன்று. அங்கே போயும் பலகை விலைக்குக் கீழே பேரம் பேசாதீர்கள். ஏ.சி. கடையில் பார்கோடுக்கு முன்னால் பெட்டிப்பாம்பாக நிற்கிற நாம், சாக்கு விரித்தவரிடம் மட்டும் சாணக்கியராவது அசிங்கம்.

உங்களிடம் புரட்சி எதுவும் கேட்கவில்லை. மூன்றே மூன்று காரியம்தான். மார்ச்சில் மாம்பழத்தை வாங்காதீர்கள். மே, ஜூனில் விடாதீர்கள். வாங்குவதை விளைவித்தவர் கையில் வாங்குங்கள். இரண்டு மாதம் காத்திருந்தால் கல் வைத்தவனுக்கு நஷ்டம், மரம் வைத்தவனுக்கு லாபம், நமக்குப் பழம். நான் படித்த காமர்ஸில் இதைவிட நல்ல கணக்கு பார்த்ததில்லை.

அந்தக் கறை பட்ட பழத்தை நான்தான் வாங்கி வந்தேன். அம்மா வழக்கம்போல் காம்போரம் மூக்கை வைத்தார். இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. கத்தியைத்தான் எடுத்தார்.