திணிப்பு வேறு, படிப்பு வேறு!

இந்தித் திணிப்பை எதிர்த்துக் களம் கண்ட இயக்கத்தின் ஏடு, சிங்களம் படிக்க வழி கூறுவதா என்று சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். கூறலாம், கூறத்தான் வேண்டும் என்கிறோம் நாம். ஒரு மொழியை ஒருவன் தலையிலே ஏற்றுவது ஆதிக்கம். அதையே அவன் தன் தேவைக்காக நாடிக் கற்பது அறிவு. முன்னதை 1965இல் எதிர்த்தோம், இன்றும் எதிர்க்கிறோம். பின்னதை என்றைக்கும் எதிர்த்ததில்லை.

இலங்கையிலே நடந்தது என்ன? 1956இல் பண்டாரநாயக்கா அரசு, சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் செய்தது. படி, இல்லையேல் பதவியை விட்டுப் போ என்ற நெருக்கடி தமிழ் அலுவலரைச் சூழ்ந்தது. அந்நாளிலே சிங்களப் புத்தகம் தமிழன் கண்ணுக்குப் புத்தகமாகவா தெரிந்தது? விலங்காகத் தெரிந்தது! விரும்பிக் கற்றிருக்கக்கூடிய மொழியை வெறுப்புக்குரியதாக்கியது அந்தச் சட்டமன்றோ!

1987இல் 13ஆவது திருத்தம் வந்தது. சிங்களம் ஆட்சிமொழி, தமிழும் ஆட்சிமொழி என்றது. அந்த 'உம்' ஏட்டிலே இருக்கிறது. காவல் நிலையத்திலே இருக்கிறதா? 2007 ஜூலை முதல் பணியில் சேரும் அரசு ஊழியர், ஐந்தாண்டுக்குள் மற்ற மொழியையும் கற்கவேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார்கள். சுற்றறிக்கை சுற்றியது, முறையிட வரும் தமிழ்த் தாய், மொழிபெயர்ப்பவரைத் தேடிச் சுற்றுவதும் நின்றபாடில்லை. புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்திலே கையொப்பமிடுகிறவன், எதை ஒப்புக்கொண்டோம் என்பதையே அறியமாட்டான். எவ்வளவு பெரிய கொடுமை!

ஆகவே, தேவைப்படுவோர் கற்கட்டும். கடினமோ என்று கலங்கவேண்டாம். தமிழைப் போலவே எழுவாய் முன்னே, பயனிலை பின்னே வரும் மொழி அது. நம் கடை அங்கே 'கடே', பாலம் 'பாலம', பணம் 'சல்லி', அக்கா அங்கும் அக்காதான்! நான் போகிறேன், நீ போகிறாய், அவள் போகிறாள் என்ற மூன்றுக்கும் பேச்சிலே 'யனவா' ஒன்றே போதும். எழுத்து நடையிலேதான் வினை ஆளுக்கேற்ப மாறும். எனவே பேச்சு முதலில், ஏடு பிறகு.

கற்க நூல் எங்கே? ஆங்கிலம் அறிந்தவனுக்குக் குறையில்லை. 1924இல் வெளிவந்த கார்ட்டர் அகராதி உண்டு. 1968இல் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பேச்சுச் சிங்களப் பாடநூல் உண்டு. தமிழ் மட்டும் அறிந்தவனுக்கு? இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம், தமிழ் மாணவர்க்கு இரண்டாம் மொழிச் சிங்களப் பாடநூல்களை இலவசமாகத் தருகிறது; இணையத்திலும் கிடைக்கின்றன. மொழிப் பயிற்சிக்கென்றே 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரு தேசிய நிறுவகமும் அமைந்தது. நன்று! ஆனால், பாடநூல் ஆசிரியர் துணையோடு படிக்கும் பிள்ளைக்கானது. ஆசிரியரில்லாத தொழிலாளி என் செய்வான்?

இங்கேதான் தமிழ்நாட்டுக்குக் கடமை இருக்கிறது. 1983 முதல் வந்தாரை வாழவைத்த மண் இது. 2021இல் அகதி முகாம் என்ற பெயரை மாற்றி மறுவாழ்வு முகாம் என்றோம். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை நாளை தாயகம் திரும்ப விரும்பினால், அரசு அலுவலக வாயிலிலே ஊமையாய் நிற்பதா? நம் பல்கலைக்கழகம் ஒன்று, தமிழ் வழியே பேச்சுச் சிங்களம் கற்பிக்கும் நூலையும், ஒலிப்பதிவையும், கையடக்க அகராதியையும் ஆக்கித் தரட்டும். விரும்புவோருக்கு முகாம்தோறும் மாலை வகுப்பு நடக்கட்டும்.

கொழும்புக்கும் ஒரு சொல். தமிழன் சிங்களம் கற்பது, தமிழுக்குரிய இடத்தை விட்டுக்கொடுப்பதற்கன்று. பாலத்துக்குக் கரை இரண்டு. இக்கரையிலே நாம் கல் நடுவோம். அக்கரையிலே உங்கள் அலுவலர் தமிழ் கற்கட்டும்!