படிக்காமலே நடக்கும் மூன்று வாசிப்புகள்

ஒரு மசோதா மூன்று வாசிப்புகளைத் தாண்டியே சட்டமாகிறது என்று பள்ளிக் குடிமையியல் பாடம் சொல்கிறது. போட்டித் தேர்வுக் கையேடுகளும் அதையே ஒப்பிக்கின்றன. இதைப் படித்து வளர்ந்தவர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. மக்கள் பிரதிநிதிகள் ஒரே மசோதாவை மூன்று தடவை படித்துப் பார்க்கிறார்கள்; முதல் தடவை கண்ணுக்குத் தப்பிய பிழை மூன்றாம் தடவையாவது அகப்பட்டுவிடும் என்பதே அது. இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. அந்த மூன்று வாசிப்புகளில் எதிலும் மசோதா வாசிக்கப்படுவதில்லை. அவை மூன்று முடிவுகளுக்கு வைத்த பெயர்கள். அறிமுகம் செய்யலாமா, கொள்கையளவில் ஏற்கலாமா, இறுதியாக நிறைவேற்றலாமா என்ற மூன்று கேள்விகளுக்கும் ‘ஆம்’ என்று பதில் வந்தால் வேலை முடிந்தது.

பெயர் ஒரு காலத்தில் உண்மையாகவே பொருந்தியது. இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் அச்சு புழக்கத்துக்கு வராத நாளில் மசோதாவின் கையெழுத்துப் படி எல்லார் கைக்கும் கிடைக்காது. உறுப்பினர்கள் எல்லாருக்கும் எழுத்துப் பயிற்சி இருந்ததென்றும் சொல்வதற்கில்லை. ஆகவே அவை எழுத்தர் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படித்தார். சபாநாயகர் தம் கையிலிருந்த சுருக்கக் குறிப்பை வைத்துச் சாரத்தை எடுத்துச் சொன்னார். பதினாறாம் நூற்றாண்டு முடிவதற்குள் மூன்று முறை என்ற வழக்கம் நிலைபெற்றுவிட்டது. என்ன வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள முதல் முறை, ஏற்பதா தள்ளுவதா என்று வாதாட இரண்டாம் முறை. அதன்பின் காகிதத்தில் இருந்த மசோதா திருத்தங்களோடு தோலில் எழுதப்படும். எழுதியது சரிதானா என்று கேட்டு முடிவெடுக்க மூன்றாம் முறை. ஒவ்வொரு வாசிப்புக்கும் ஒரு வேலை இருந்தது.

அச்சிட்ட படிகள் கைக்கு வந்ததும் உரக்கப் படிக்கும் தேவை போயிற்று. பெயர் மட்டும் நின்றது. இன்று பிரிட்டிஷ் மக்களவையில் முதல் வாசிப்பு என்பது எழுத்தர் மசோதாவின் தலைப்பைச் சொல்வதோடு சரி. அப்போது மேசைமேல் இருப்பது பெரும்பாலும் முழு மசோதாகூட அல்ல, தலைப்பு எழுதிய ஒரு தாள்தான். இதிலும் வேடிக்கையானது ஒன்று உண்டு. ஒவ்வொரு கூட்டத்தொடரின் தொடக்கத்திலும், அரசரின் உரையை விவாதிக்கும் முன்பு, சட்டப் பாதுகாப்பை இழக்கச் செய்யும் தண்டனையை மறைவாக விதிப்பதைத் தடுக்கும் மசோதா என்ற ஒன்றுக்கு மக்களவை முதல் வாசிப்பு அளிக்கிறது. அது இரண்டாம் வாசிப்புக்கு வருவதே இல்லை. அரசர் சொன்ன காரியத்தை எடுப்பதற்கு முன் தன் காரியத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் உரிமை அவைக்கு உண்டு என்று காட்டுவதுதான் அதன் நோக்கம். உள்ளடக்கத்தைப் பற்றி எவரும் கவலைப்படாத ஒரு வாசிப்பு கூட்டத்தொடர்தோறும் மரியாதையோடு நடந்தேறுகிறது.

இடம் மாறினால் பொருளும் மாறும். இலங்கை நாடாளுமன்றத்தில் நிதியமைச்சரின் வரவுசெலவுத் திட்ட உரையே ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தின் இரண்டாம் வாசிப்பு. அதாவது ஒரு சொற்பொழிவுக்குப் பெயர் வாசிப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாடாளுமன்றமும் அமைச்சரவை மன்றமும் தத்தம் நிலைப்பாட்டை ஒன்றுக்கொன்று தெரிவிக்கும் ஒரு சுற்றுக்குப் பெயர் வாசிப்பு. அங்கே பெரும்பாலான சட்டங்கள் முதல் வாசிப்பிலேயே முடிந்துவிடுகின்றன. ஆகவே வாசிப்புகளின் எண்ணிக்கையை வைத்து எந்த நாட்டின் கவனத்தையும் அளக்க முடியாது.

இந்தியாவுக்கு வந்தால், அரசமைப்புச் சட்டத்தின் 107ஆம் உறுப்பு மசோதாக்களை அறிமுகம் செய்வதையும் நிறைவேற்றுவதையும் பற்றிப் பேசுகிறது. மூன்று வாசிப்பு என்ற பேச்சே அதில் இல்லை. அவையில் நடப்பது இதுதான். அமைச்சர் எழுந்து அனுமதி கோருகிறார், குரல் வாக்கெடுப்பு நடக்கிறது, ‘அறிமுகம் செய்கிறேன்’ என்கிறார். முதல் வாசிப்பு தீர்ந்தது. இரண்டாவதில் பொது விவாதமும், அதன்பின் பிரிவு பிரிவான பரிசீலனையும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திருத்தம் கோரப்படாத பிரிவுகளைச் சபாநாயகர் கட்டாகச் சேர்த்து, ‘2 முதல் 30 வரை மசோதாவின் பகுதியாகட்டும்’ என்ற வகையில் ஒரே மூச்சில் வாக்குக்கு விடுவதே நடைமுறை. பிரிவு 1 கடைசியில் வரும், சட்டம் இயற்றும் வாசகத்தோடும் தலைப்போடும். இந்த மனப்பாடத்தை அவைக் காட்சியில் கேட்டவர்களுக்கு அதன் வேகம் தெரியும். மூன்றாம் வாசிப்பு பெரும்பாலும் ‘நிறைவேற்றப்படட்டும்’ என்ற ஒரு வரி.

வேகத்துக்குத் தடையும் ஏட்டளவில் இருக்கிறது. அறிமுகத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே மசோதாவின் படி உறுப்பினர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது மக்களவைத் தலைவரின் வழிகாட்டு உத்தரவு 19பி. அதற்கு விலக்கும் அவரே தரலாம். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 விழுக்காட்டு இட ஒதுக்கீட்டு மசோதா 2019 ஜனவரி 8 அன்று மக்களவைக்கு வந்தது. அரசமைப்பையே திருத்துகிற அது அன்றே அங்கு நிறைவேறியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று ஜம்மு காஷ்மீர் மறுசீரமைப்பு மசோதா மாநிலங்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. ஒரு மாநிலத்தை இரண்டு ஒன்றியப் பகுதிகளாக்கும் அந்தச் சட்டத்தில் 103 பிரிவுகள், 5 அட்டவணைகள். 2021 நவம்பர் 29 அன்று வேளாண் சட்டங்களை ரத்து செய்யும் மசோதா இரு அவைகளையும் விவாதமின்றிக் கடந்தது. அது சிறிய மசோதா, ரத்தை எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று சமாதானம் சொல்லலாம். காஷ்மீர் மசோதாவுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. மூன்றிலுமே வாசிப்புக் கணக்கு முறையாகத் தீர்ந்திருந்தது.

அப்படியானால் வரிக்கு வரி உரக்கப் படிக்க வைக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். அதுவும் நடந்து பார்த்த கதைதான். 2021 மார்ச்சில் அமெரிக்க செனட்டில் கொரோனா நிவாரண மசோதாவின் 628 பக்கங்களையும் படிக்க வேண்டும் என்று ரான் ஜான்சன் என்ற உறுப்பினர் பிடிவாதம் பிடித்தார். எழுத்தர்கள் மாற்றி மாற்றி 10 மணி நேரத்துக்கு மேல் படித்தார்கள். முடிந்தபோது பின்னிரவு 2 மணி தாண்டிவிட்டது. அவையில் அவருடைய கட்சிக்காரர் ஒருவரும் இல்லை. எதிர்க்க ஆளில்லாத அந்த நேரம் பார்த்து ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் 20 மணி நேர விவாதத்தை 3 மணி நேரமாகக் குறைத்துக்கொள்ள ஒப்புதல் வாங்கிவிட்டார். படிக்கச் சொன்னது கேட்பதற்காக அல்ல, நேரத்தை இழுப்பதற்காக. இழுத்த நேரத்தைவிட இழந்த நேரம் அதிகம்.

கொலராடோ மாநிலத்தில் கூத்து இன்னும் முற்றியது. அங்கே மாநில அரசமைப்பே மசோதாவை முழுதாகப் படிக்கச் சொல்கிறது. எல்லாரும் ஒப்பினால் மட்டுமே தவிர்க்கலாம். 2019 மார்ச்சில், 2,000 பக்கத்துக்கு மேற்பட்ட மசோதா ஒன்றை முழுதாகப் படிக்கும்படி சிறுபான்மைக் கட்சி கோரியது. பெரும்பான்மைக் கட்சி பல கணினிகளைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு பகுதியை ஒரே நேரத்தில், நிமிடத்துக்குச் சுமார் 650 சொல் வேகத்தில் படிக்க விட்டது. எழுந்தது வெறும் இரைச்சல். 2021இல் மாநில உச்ச நீதிமன்றம், புரியாத அந்தச் சத்தம் வாசிப்பாகாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் எப்படிப் படிக்க வேண்டும் என்று அவைக்குக் கட்டளையிட மறுத்தது. காதில் விழும் சத்தம் எதையும் காக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தியாவில் அப்படி ஒரு வழக்கே நிற்காது. நடைமுறைக் குறைபாட்டைக் காரணம் காட்டி நாடாளுமன்ற நடவடிக்கையின் செல்லுபடியைக் கேள்வி கேட்க 122ஆம் உறுப்பு இடம் தருவதில்லை. சட்டமன்றத்துக்கு 212ஆம் உறுப்பு அதையே சொல்கிறது. உறுப்பினர்கள் படித்தார்களா என்று நீதிமன்றம் கேட்காது. ஆனால் நிறைவேறிய சட்டத்தை அதுவே பிறகு எழுத்தெழுத்தாகப் படிக்கும். 1860இல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018இல் அப்படித்தான் குறுக்கிப் பொருள்கொண்டு, வயது வந்தோரின் இசைவான உறவை அதிலிருந்து விலக்கியது. உண்மையான வாசிப்பு இதுதான். ஆனால் சட்டம் வெட்டிய காயத்தோடு யாராவது வந்த பிறகே தொடங்குகிற வாசிப்பு.

அதற்கு முன்பே படிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதை எவரும் வாசிப்பு என்று எண்ணுவதில்லை. துறைசார் நிலைக்குழுக்கள் 1993இல் தொடங்கி, 2004இல் 24 ஆயின. அங்கே செயலாளர்களை வரவழைத்துக் கேள்வி கேட்கிறார்கள், பொதுமக்களிடம் எழுத்துவழிக் கருத்துக் கோருகிறார்கள், பிரிவுவாரியாகப் புரட்டுகிறார்கள். பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது என்பது குறைதான். இருந்தும் மசோதாவின் மொழி மாறுவதற்கு வாய்ப்புள்ள இடம் அதுவே. பி.ஆர்.எஸ். ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 15ஆவது மக்களவைக் காலத்தில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 17ஆவது மக்களவையில் அது ஏறத்தாழ 16 விழுக்காடு. மூன்று வாசிப்பு அப்போதும் மூன்றுதான், இப்போதும் மூன்றுதான்.

உறுப்பினர்களின் சோம்பலை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடாவின் கட்டளையை மீறி வாக்களித்தால் பதவி போகும். மசோதாவை இரவெல்லாம் விழித்துப் படித்து அதன் குறையைக் கண்டுபிடித்தவரும் படிக்காதவரும் ஒரே பொத்தானைத்தான் அழுத்த வேண்டும்.

அவை நிறைவேற்றிய பிறகு வெளியே நடக்கும் வாசிப்பும் உண்டு. தமிழ்நாடு சட்டமன்றத்தில் 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைச் சட்டத்தின் வேலைநேர வரம்புகளிலிருந்து விலக்கு அளிக்க வழிசெய்யும் திருத்தச் சட்டமுன்வடிவு குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. 12 மணி நேர வேலையா என்ற கொதிப்பு வெளியே பரவியது. தொழிற்சங்கங்களை அழைத்து அமைச்சர்கள் பேசியது ஏப்ரல் 24 அன்று. அன்றே அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.