பழகுநரும் இருப்புப் பதிவேடும்

மத்திய தொழிற்பழகுநர் கவுன்சில் 2025 மே 26 அன்று கூடிய தனது 38ஆவது கூட்டத்தில், பழகுநர்களின் மாத உதவித்தொகையை 36 விழுக்காடு உயர்த்தப் பரிந்துரைத்தது. அப்போதைய 5,000 – 9,000 ரூபாய் வரம்பு 6,800 – 12,300 ரூபாயாகும். இனி நுகர்வோர் விலைக் குறியீட்டை ஒட்டி இரண்டாண்டுக்கு ஒருமுறை தொகை தானாகவே திருத்தப்பட வேண்டும் என்பதும் பரிந்துரையில் உண்டு. பள்ளி நூலகங்களில் உதவியாளர் பயிற்சி பெறும் இளைஞர்களையும் இந்த உயர்வு தொடுகிறது. நூலகர்கள் இதில் என்ன நிலை எடுக்க வேண்டும் என்று வாசகர்கள் கேட்கிறார்கள்.

உயர்வு வேண்டும். அதில் இவ்விதழுக்கு இரண்டாவது கருத்து இல்லை. 2019 செப்டம்பரில் திருத்திய தொகையை வைத்துக்கொண்டு, பி.லிப். (நூலகவியல்) முடித்த ஒருவர் நகரத்தில் அறை எடுத்துத் தங்கி, பேருந்தில் போய் வந்து ஓராண்டு தொழில் கற்க முடியாது. தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்த பள்ளிகளுக்குக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசே ஏற்கிறது. அந்தப் பங்கு மாறாவிட்டால், பட்டதாரிப் பழகுநருக்குப் பள்ளி தரவேண்டியது 4,500 ரூபாயிலிருந்து 6,150 ரூபாயாகும். இதைச் சுமை என்று சொல்லும் நிர்வாகங்கள், அதே தொகைக்கு முழுநாள் வேலை பார்க்கும் தகுதியுள்ள வேறு யாரை அமர்த்த முடியும் என்று சொல்லட்டும்.

கவலை அங்கேதான் தொடங்குகிறது: குறைந்த தொகைக்கு ஆள் கிடைக்கிறார் என்று பழகுநரைச் சேர்க்கும் பள்ளியில் அவருக்குக் கற்றுத்தர யார் இருக்கிறார்கள்? 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் 11ஆம் பிரிவு தெளிவானது. பயிற்சி தருபவர் தாமே அந்தத் தொழிலில் தகுதி பெற்றிராவிட்டால், தகுதியுள்ள ஒருவரைப் பயிற்சிக்குப் பொறுப்பாக அமர்த்தியாக வேண்டும். நூலகர் இல்லாத பள்ளியில் தமிழாசிரியரோ ஓவிய ஆசிரியரோ ‘நூலகப் பொறுப்பு’ வகிக்கிறார். அவரை நாம் குறை சொல்லவில்லை. தம் பாடவேளைகளுக்கு நடுவே அறையைத் திறந்து வைப்பதே அவருக்குப் பெரும்பாடு. ஆனால் அவரிடம் ஒருவரைப் பழகுநராக விட்டால் அந்த இளைஞர் பகுப்பெண்ணையும் தலைப்புச் சொல்லையும் யாரிடம் சரிபார்த்துக்கொள்வார்? நூலகர் இல்லாத பள்ளிக்கு நூலகப் பழகுநர் கூடாது. மண்டலப் பயிற்சி வாரியங்கள் ஒப்பந்தத்தைப் பதியும்போதே நூலகரின் பெயரையும் தகுதியையும் கேட்டு வாங்க வேண்டும்.

பழகுநர்மேல் சுமத்தப்படும் எமிஸ் (கல்வித் தகவல் தளம்) பதிவேற்றம், ஆசிரியர் விடுப்பெடுத்த வகுப்பைப் பார்த்துக்கொள்வது, தேர்வறைக் கண்காணிப்பு ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பயிற்சியோடு தொடர்பில்லாத வேலையைப் பழகுநருக்குக் கொடுப்பது அதே சட்டத்தின் 30ஆம் பிரிவின் கீழ் தண்டத்துக்குரியது. தலைமையாசிரியரிடம் அந்தப் பிரிவை ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும்.

பள்ளி நூலகத்தில் கற்பதற்கு ஓராண்டு போதுமா என்பதே உண்மையில் கேட்க வேண்டியது. கல்லூரி நூலகத்தில் பழகியவருக்கு ஒரு பாடவேளையில் நாற்பது குழந்தைகள் சேர்ந்தாற்போல் உள்ளே நுழைவது என்றால் என்னவென்று தெரியாது. மணி அடிக்கும் முன்பே அந்த வகுப்பின் புத்தக அட்டைகளை வரிசை எண்படி அடுக்கியிருக்க வேண்டும். திரும்பி வந்த நூல்களை மேசையில் குவிக்காமல் நேரே தள்ளுவண்டியில் சேர்க்க வேண்டும். முதல் பத்து நிமிடத்தில் வரவு முடியாவிட்டால் குழந்தைகளுக்குத் தேர்ந்தெடுக்க நேரம் இருக்காது. கையில் அகப்பட்டதை நீட்டுவார்கள். ஆறாம் வகுப்பில் இருந்துகொண்டு மூன்றாம் வகுப்பு நூலையே படிக்க முடிகிற பிள்ளைக்கு, பக்கத்துப் பிள்ளை சிரிக்காதபடி ஏற்ற நூலை எடுத்துக் கொடுப்பது ஒரு கலை. எந்தப் பாடத்திட்டத்திலும் அது இல்லை. தேர்ந்த நூலகர் ஒருவர் பக்கத்தில் நின்று செய்வதைப் பார்த்துத்தான் அது வரும். கோஹா, இ-கிரந்தாலயா போன்ற நூலக மென்பொருள்களில் பதிவு போடுவதை இரண்டு வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். இந்தக் கலைக்கு ஆண்டு முழுவதும் வேண்டும்.

இவ்வளவையும் கற்க வந்தவருக்கு முதல் வாரத்தில் என்ன நடக்கிறது? சேர்க்கைப் பதிவேட்டையும் பீரோச் சாவிக் கொத்தையும் கையில் கொடுத்து, ‘இத்தனை நூல்கள் பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். நூல்களை எண்ணிப் பார்த்துக் கொடுப்பது அரிது. முந்தைய சரிபார்ப்பு அறிக்கையைக் காட்டுவது அதைவிட அரிது. பயிற்சி முடியும் மாதத்தில் இருப்பு எடுத்துப் பார்த்தால் நூல்கள் குறைகின்றன. ‘தொலைந்ததற்குப் பணம் கட்டு, பிறகு சான்றிதழுக்கு எழுதுகிறோம்’ என்று அப்போது சொல்லப்படுகிறது. நான் அறிந்த ஒரு தனியார் பள்ளியில், இப்படிக் கணக்கு முடியாமல் ஒரு பெண்ணின் கடைசி மாத உதவித்தொகை நிறுத்தி வைக்கப்பட்டது. குறைந்த நூல்களில் பெரும்பகுதி அவர் சேர்வதற்கு முன்பே காணாமல் போனவை என்று பழைய வழங்கல் பதிவேடுகளைப் புரட்டிய பிறகே தெரிய வந்தது.

சட்டப்படியே இது தவறு. தொழிற்பழகுநர் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி பழகுநர் பயிற்சி பெறுபவர். அவர் பணியாளர் அல்லர், அச்சட்டத்திலேயே தனியாகச் சொன்னவை தவிர தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. பணியாளருக்குரிய பாதுகாப்பை முழுதாகத் தராத ஒருவரிடம் பணியாளருக்குரிய சொத்துப் பொறுப்பை மட்டும் சுமத்த எந்த விதி இடம் தருகிறது? இருப்பின் பொறுப்பு நூலகருடையது. நூலகர் இல்லையென்றால் தலைமையாசிரியருடையது.

இந்த இதழ் தொடங்கிய காலம் முதல் நாம் எழுதிவரும் புத்தக இழப்புப் பிரச்சினைதான் இப்போது பழகுநர் வடிவில் திரும்பி வந்திருக்கிறது. எனவே அதை முழுதாகவே பேசிவிடுவோம்.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் 215ஆவது விதியை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கிறோம், வரி வரியாகப் படித்தவர்கள் குறைவு. 20,000 நூல்கள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு நடக்க வேண்டும் என்கிறது அது. பள்ளி நூலகங்கள் அனேகமாக எல்லாமே இந்த வரம்புக்குள் வருபவை. அடுத்த பகுதி இன்னும் முக்கியம். ஓராண்டில் வழங்கிய, பார்வையிட்ட நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து தொலைவதை, நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதவரை, இயல்பான இழப்பாக ஏற்கலாம். விலை 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும், அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

இங்கே ஆயிரத்துக்கு ஐந்து என்பது இருப்பில் கணக்கிடுவது அன்று, புழக்கத்தில் கணக்கிடுவது. தணிக்கைக்கு வருபவர்கள் பலரும் மொத்த இருப்பை எடுத்துக்கொண்டு வகுக்கிறார்கள். 6,000 நூல் உள்ள பள்ளி என்றால் 30 நூலோடு நிறுத்திவிடுகிறார்கள். விதியை எழுதியவர் நினைத்தது வேறு. எவ்வளவுக்கு நூல்கள் குழந்தைகளின் கைக்குப் போகின்றனவோ அவ்வளவுக்கு இழப்பையும் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே அதன் கணக்கு. பூட்டிய பீரோவுக்கு இந்த விதியில் சலுகை ஒன்றுமில்லை.

‘பார்வையிட்ட’ என்ற பகுதியைப் பள்ளிகள் கைவிட்டுவிட்டதால் இந்தக் கணக்கு நமக்கு எதிராகவே போகிறது. 500 மாணவர் உள்ள ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு எடுத்துச் சென்ற நூல்கள் ஆண்டுக்கு 4,000 என்றால், ஏற்கத்தக்க இழப்பு 20 நூல். அதே பள்ளியில் வாரம் ஒரு நூலகப் பாடவேளை, ஆண்டுக்கு 36 வாரம், ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நூலையாவது எடுத்துப் புரட்டுகிறது என்றால் பார்வையிட்டவை 18,000. அதற்கு மேலும் 90 நூல். இரண்டும் சேர்ந்து 110. ஆனால் அந்த 18,000ஐ யாரும் எழுதி வைப்பதில்லை. பாடவேளை முடிந்ததும் மேசைமேல் கிடக்கும் நூல்களை அடுக்கில் திருப்பி வைக்கும் முன் எண்ணி ஒரு நோட்டில் குறிப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும். பழகுநருக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டியது இதைத்தான். சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்திடுவதற்குப் பதிலாக இந்த நோட்டை அவர் தொடங்கட்டும்.

ஆயிரம் ரூபாய் வரம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2005ஆம் ஆண்டு விதிகளிலும் அது 1,000 ரூபாய், 2017இலும் அதே 1,000 ரூபாய். குழந்தைகளுக்கான படக் கலைக்களஞ்சியம் ஒற்றைத் தொகுதியே இன்று அந்த விலையைத் தாண்டுகிறது. அதனால் என்ன நடக்கிறது? பிள்ளைகள் முதலில் ஓடிப்போய்க் கேட்கும் நூல்கள்தாம் ‘விசாரணைக்குரிய’ நூல்களாகி, ‘பார்வைக்கு மட்டும்’ என்ற முத்திரையோடு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போய்விடுகின்றன. உதவித்தொகையை விலைவாசியோடு இணைக்க வேண்டும் என்று கவுன்சிலுக்குத் தெரிகிறது. நூலின் விலையும் அதே விலைவாசியில்தான் ஏறுகிறது என்பது நிதித் துறைக்கு ஏன் தெரியவில்லை?

இந்தக் குறைந்தபட்சக் காப்பும் மத்திய நிதி விதிகளைப் பின்பற்றும் பள்ளிகளுக்குத்தான். தனியார் பள்ளி நூலகர் எதைக் காட்டி வாதாடுவார்? சி.பி.எஸ்.இ. இணைப்பு விதிகள் நூலக அறை 14 மீட்டருக்கு 8 மீட்டர் இருக்க வேண்டும் என்று அளவு சொல்கின்றன. அறைக்கு அளவு சொல்ல முடிந்தவர்களுக்கு, அந்த அறையிலுள்ள நூல் குழந்தையின் கையில் தேய்ந்தாலும் தொலைந்தாலும் அது யார் கணக்கு என்று ஒரு வரி சேர்ப்பது அரிதான காரியம் ஆகாது. மாநிலப் பள்ளிக்கல்வித் துறை வாசிப்பு இயக்கம் நடத்துகிறது, குழந்தைகளுக்கென்று சிறு நூல்களை அச்சிட்டு வகுப்பறைகளுக்கு அனுப்புகிறது. நல்ல பணி, நன்றியோடு சொல்கிறோம். அந்த நூல்கள் கிழிந்தால் கிழியட்டும், படிக்கட்டும் என்று ஆசிரியருக்கும் நூலகருக்கும் எழுத்தில் துணிவு கொடுத்தால்தான் அவை கட்டுப் பிரியாமல் கிடக்காது.

வாய்மொழியாக எல்லோரும் பெருந்தன்மை பேசுகிறார்கள். விழா மேடையில் ‘நூலகத்தைத் திறந்து விடுங்கள்’ என்கிறார்கள். ஆண்டு முடிவில் தணிக்கைக் குறிப்பு வரும்போது அந்த மேடையில் பேசிய யாரும் பக்கத்தில் நிற்பதில்லை. சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படுவது நூலகருக்கு. ஓய்வூதியக் கோப்பு ‘நூலகப் பாக்கி இல்லாச் சான்று’ கேட்டு நின்றுபோவதும் அவருக்கு. அப்படி ஒருமுறை சூடுபட்டவர் பிறகு கதவைத் திறந்து வைப்பாரா? அவர் பூட்டுகிறார். அவரிடம் பழக வரும் இளைஞரும் பூட்டக் கற்றுக்கொள்கிறார். நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் திறந்த அடுக்கு முறையைக் கொண்டுவந்தவர். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக்கியபோது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதை முதல் விதியாக வைத்தவர். அவர் பிறந்த மாநிலத்தில், அவருடைய விதிகளைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்து பட்டம் பெற்று வரும் பிள்ளைகளுக்கு நாம் முதலில் கற்றுத்தரும் தொழில் பூட்டுவது என்றால், அந்தப் பழியில் பெரும்பங்கு தணிக்கைக் குறிப்பை எழுதுபவர்களையும் அதற்கு அஞ்சி வாய்மூடி இருக்கும் துறை அதிகாரிகளையும் சேரும்.

மற்றொரு பக்கமும் உண்டு. கவனக்குறைவை மறைக்க 215ஆவது விதியைக் கேடயமாக்குபவர்கள் நம்மில் இல்லை என்று சொல்ல முடியாது. வழங்கல் பதிவே இல்லாமல் நூலை வெளியே விட்டவர் இந்த விதியைக் காட்டக் கூடாது. விதி காப்பது கணக்கு வைத்திருப்பவரைத்தான். பழுதான நூல்களை முறைப்படி நீக்கம் செய்யாமல் பத்தாண்டு பரணில் போட்டு வைப்பதும் நம் தவறே. நீக்கப் பட்டியல் தயாரித்து, குழுவின் ஒப்புதல் பெற்று, பதிவேட்டில் சிவப்பு மையில் குறிப்பது வரை பழகுநர் உடனிருந்து பார்க்க வேண்டும். இருப்புச் சரிபார்ப்பிலும் அவர் உதவட்டும், எண்ணட்டும், அடுக்குப் பட்டியலோடு ஒப்பிடட்டும். அறிக்கையில் கையெழுத்து மட்டும் அவருடையதாக இருக்கக் கூடாது.

வரும் கல்வியாண்டில் பழகுநரை ஏற்கவிருக்கும் நூலகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒப்பந்தத்தோடு இணைக்கும் பயிற்சித் திட்டத்தில், ‘இருப்பின் பொறுப்பு நூலகருடையது, பழகுநர் எந்தப் பொறுப்பேற்புப் பதிவிலும் கையெழுத்திடமாட்டார்’ என்ற வரியை நீங்களே எழுதிச் சேர்த்துவிடுங்கள். அவர் வரும் முதல் நாளே பார்வையிட்ட நூல்களின் நோட்டைத் தொடங்கிக் கொடுங்கள். ஆண்டு முடிவில் தணிக்கையர் இருப்பை வைத்து இழப்பைக் கணக்கிட்டால், புழக்கக் கணக்கை முன்வைத்து விதியைச் சுட்டி மறுப்பு எழுதுங்கள். உங்கள் மறுப்பை ஏற்காவிட்டால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி இவ்விதழுக்கு அனுப்புங்கள். பள்ளியின் பெயரையும் உங்கள் பெயரையும் நீக்கி, அந்தக் குறிப்பை அப்படியே அச்சிடுவோம்.