சராசரி மட்டும் தெரிஞ்சா போதுமா? சென்னிமலையில் இருந்தபடி புள்ளியியல் படிக்க என்ன வழி?

சென்னிமலை என்றால் முருகன் கோயிலும் பெட்ஷீட்டும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஊரைச் சுற்றித் தறிகள். பஸ் ஏறினால் ஒரு பக்கம் பெருந்துறை சிப்காட், இன்னொரு பக்கம் ஈரோடு, கொஞ்சம் தள்ளித் திருப்பூர். டிகிரி முடித்த இளைஞர்கள் பலருக்கு இந்த மூன்று இடங்களில்தான் வேலை. அங்கே மெர்ச்சண்டைசிங், குவாலிட்டி, அக்கவுன்ட்ஸ் என எந்த வேலைக்குப் போனாலும் இன்டர்வியூவில் இப்போது வரும் கேள்வி, "டேட்டா பார்க்கத் தெரியுமா?"

எக்செல் கோர்ஸ் நடத்தும் சென்டர்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் எக்செல் கணக்குப் போட்டுத்தான் கொடுக்கும். வந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்று சொல்லாது. அதைச் சொல்லித் தருவது அடிப்படைப் புள்ளியியல். வேலை பார்த்துக்கொண்டே, கம்மி செலவில் அதைப் படிக்க வழி இருக்கா?

அமெரிக்காவில் இது எப்படி நடக்குது?

அங்கே இந்தப் படிப்புக்கான வழக்கமான இடம் சமுதாயக் கல்லூரி. 1901-ல் இலினாய்ஸ் மாநிலத்தின் ஜோலியட்டில் தொடங்கிய ஜூனியர் காலேஜ்தான் இந்த வகையில் முன்னோடி. கட்டணம் குறைவு. மாலை வகுப்பு உண்டு. இரண்டு வருடம் படித்துவிட்டு, அந்த மதிப்பெண்களோடு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். நர்சிங், சைக்காலஜி, பிசினஸ் என எந்தப் பக்கம் போகிறவருக்கும் ஒரு செமஸ்டர் புள்ளியியல் பெரும்பாலும் தேவைப்படும்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. நுழைவுத் தேர்வில் கணக்கில் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களை முதலில் அல்ஜீப்ரா ரிமீடியல் வகுப்பில் உட்கார வைத்தார்கள். பலர் அந்த வகுப்பைத் தாண்டவே இல்லை. கலிஃபோர்னியா மாநிலம் 2017-ல் ஏபி 705 என்ற சட்டம் கொண்டுவந்தது. பள்ளி மதிப்பெண்ணை வைத்தே மாணவர்களை நேராகக் கல்லூரி நிலைப் பாடத்தில் சேர்க்க வேண்டும், தேவைப்பட்டால் கூடவே துணை வகுப்பு நடத்த வேண்டும் என்றது சட்டம். அறிவியல், இன்ஜினீயரிங் பக்கம் போகாதவர்களுக்கு அந்தக் கல்லூரி நிலைப் பாடம் பெரும்பாலும் புள்ளியியல்தான். அடிப்படை இல்லாமல் நேராகச் சேர்ந்தால் ஃபெயில் ஆகிறவர்களும் இருப்பார்களே என்ற விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை.

நம்ம ஊர் சமுதாயக் கல்லூரி வேறயா?

பெயர் ஒன்றுதான், வேலை வேறு. இந்தியாவில் இந்த முயற்சி 1990-களின் நடுவில் புதுச்சேரியிலும் சென்னையிலும் தொடங்கியது. படிப்பை இடையில் விட்டவர்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்து வேலைக்கு அனுப்புவது அதன் நோக்கம். பிறகு 2013-ல் யுஜிசி தனித் திட்டமாக அறிவித்து, கல்லூரிகளுக்குள்ளேயே சமுதாயக் கல்லூரிகளை நடத்த நிதி கொடுத்தது. சான்றிதழ், டிப்ளமோ, அட்வான்ஸ்டு டிப்ளமோ என்று படிநிலைகள் வைத்தது. பாடத்தில் சுமார் 60 சதவீதம் தொழில் திறன், 40 சதவீதம் பொதுக்கல்வி என்று பிரித்தது.

அதனால் இங்கே சமுதாயக் கல்லூரிக்குப் போய், "புள்ளியியல் மட்டும் ஒரு செமஸ்டர் படிக்கணும்" என்று கேட்டால் பொதுவாகக் கிடைக்காது. ஆடை வடிவமைப்பு, உணவுப் பதப்படுத்துதல், மருத்துவ உதவியாளர் மாதிரியான முழுப் படிப்பாகத்தான் இருக்கும். தனி ஒரு பாடத்துக்கு மட்டும் சேரும் வழக்கம் நம் கல்லூரிகளில் இன்னும் வேர் பிடிக்கவில்லை.

அப்படி என்னதான் இருக்கு இந்தப் பாடத்தில்?

பாதி விஷயம் ஏற்கெனவே தெரிந்ததுதான். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் 'புள்ளியியலும் நிகழ்தகவும்' பாடத்தில் திட்டவிலக்கம் வருகிறது. ஃபார்முலா ஞாபகம் இருக்கும், எதுக்கு என்பதுதான் மறந்திருக்கும். மூணு உதாரணம் பார்க்கலாம்.

முதலாவது, சம்பளம். ஒரு கம்பெனியில் 10 பேர். ஒன்பது பேருக்கு மாதம் 15,000 ரூபாய், மேனேஜருக்கு 1,65,000. மொத்தம் 3 லட்சம். "எங்களிடம் சராசரி சம்பளம் 30,000" என்று விளம்பரம் கொடுத்தால் அது பொய் இல்லை. ஆனால் அந்தச் சம்பளம் வாங்குகிறவர் அங்கே ஒருத்தர்கூட இல்லை. எண்களை வரிசையாக வைத்து நடுவில் இருப்பதை எடுத்தால், அதாவது இடைநிலை அளவைப் பார்த்தால், 15,000. வேலைக்குப் போகிறவர் கேட்க வேண்டிய எண் இதுதான்.

இரண்டாவது, துண்டு. இரண்டு சப்ளையர்கள் தலா ஐந்து டவல் சாம்பிள் தருகிறார்கள். முதல் ஆளுடையது 298, 299, 300, 301, 302 கிராம். இரண்டாவது ஆளுடையது 280, 290, 300, 310, 320 கிராம். இரண்டுக்கும் சராசரி 300. ஆனால் திட்டவிலக்கம் முதலாவதுக்குச் சுமார் 1.4, இரண்டாவதுக்குச் சுமார் 14. பத்து மடங்கு! ஆர்டர் ரிஜெக்ட் ஆகுமா ஆகாதா என்பது இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. சராசரியை மட்டும் பார்த்து ஓகே சொன்னவருக்கு அது தெரிந்திருக்காது.

மூன்றாவது, கருத்துக்கணிப்பு. 1,000 பேரிடம் முறையாகக் கேட்டால் சுமார் 3 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். அதைப் பாதியாகக் குறைக்க 2,000 பேர் போதாது, 4,000 பேரிடம் கேட்க வேண்டும். அப்படியும் ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதம் தப்பாக இருந்தால் எத்தனை ஆயிரம் பேரிடம் கேட்டும் பிரயோஜனம் இல்லை. 2024 மக்களவைத் தேர்தலில் எக்சிட் போல்கள் பலவும் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் என்றன. கிடைத்தது 293. அடுத்து 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. அந்த எண்களை வைத்து ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். எது சரி என்று பிரித்துப் பார்க்கவும் இந்தப் படிப்பு உதவும்.

சரி, எங்கே படிக்கலாம்?

முதல் வழி, ஸ்வயம். மத்திய அரசின் இந்த ஆன்லைன் தளம் 2017-ல் வந்தது. ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடங்களும் இதில் உண்டு. வீடியோ பார்க்கக் காசு இல்லை. சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் கட்டணம் கட்டித் தேர்வு மையத்துக்குப் போய் எழுத வேண்டும்.

இரண்டாவது, சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் ஆன்லைன் பட்டப்படிப்பு. ஜேஇஇ எழுதாமலே நான்கு வாரத் தகுதித் தேர்வு வழியாகச் சேரலாம். அடிப்படை நிலையிலேயே புள்ளியியல் இரண்டு பாடங்களாக வருகிறது. பாடம் ஆன்லைனில், முக்கியத் தேர்வு நேரில். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது. ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில், வாராவாரம் அசைன்மென்ட். ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர் இதை யோசித்துச் சேர வேண்டும்.

மூன்றாவது, செலவே இல்லாத வழி. பாடநூல் கழகத்தின் பிளஸ் ஒன், பிளஸ் டூ 'வணிகக் கணிதமும் புள்ளியியலும்' புத்தகங்கள் தமிழிலேயே ஆன்லைனில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலம் தடையாக இருக்கிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். சான்றிதழ் கிடைக்காது, ஆனால் அடித்தளம் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு பாடத்தை முடித்தால் யாரும் டேட்டா சயின்டிஸ்ட் ஆகிவிட மாட்டார்கள். "மூணு மாசத்தில் டேட்டா வேலை, 90 சதவீதம் பிளேஸ்மென்ட்" என்று விற்கிறவர்களிடம், "எத்தனை பேர் சேர்ந்தாங்க, அதில் எத்தனை பேரை வைத்து இந்த 90?" என்று கேட்கும் தெளிவு வரும். ஆயிரக்கணக்கில் ஃபீஸ் கட்டும் முன் அந்தக் கேள்வியே பெரிய லாபம்.

அரசும் கல்லூரிகளும் என்ன செய்யலாம்?

புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. சமுதாயக் கல்லூரிப் பாடத்தில் அந்த 40 சதவீதப் பொதுக்கல்விப் பகுதி ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஒரு தாள் அடிப்படைப் புள்ளியியல் வைக்கலாம். பாடப்புத்தகத்தில் பகடையும் சீட்டுக்கட்டும் வருகிற இடத்தில் நூல் விலை, மஞ்சள் ஏலம், துணியின் எடை என்று கொங்கு நாட்டு எண்களைப் போட்டால், ஜவுளி படிக்கும் பையனுக்கும் பொண்ணுக்கும் கணக்கு அந்நியமாகத் தெரியாது. ஸ்வயம் பாடங்களைப் பட்டப்படிப்பின் கிரெடிட்டாக ஏற்க 2021 யுஜிசி விதிகள் இடம் தருகின்றன. அதை ஏற்பதா என்பது கல்லூரியின் கையில்தான் இருக்கிறது. தனி ஒரு பாடத்துக்கும் மாலையில் இடம் கொடுத்தால், தறிக்குப் போகிறவரும் கம்பெனிக்குப் போகிறவரும் வந்து படிப்பார்கள்.

அதுவரை, சேரும் முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. சான்றிதழ் தருவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அமைப்பு? தேர்வு நேரிலா, ஆன்லைனிலா? வாரம் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும்? மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால் தைரியமாகச் சேரலாம்.